ரீமேக்கில் இல்லாத தீவு

“அந்தத் தீவ எடுத்துட்டானுங்க லா.”

பவானேஸ்வரி இதை எத்தனை தடவை சொன்னாள் என்று ஆயர் குரோவுக்குப் போகும் ஃபேக்டரி பஸ்ஸில் யாரைக் கேட்டாலும் தெரியாது. எப்படிச் சொன்னாள் என்று கேட்டால் பஸ் முழுக்கச் செய்து காட்டும். முதலில் மூக்கு வழியாக ஒரு பெருமூச்சு விட வேண்டும். ‘அந்த’வில் கொஞ்சம் நின்று, ‘தீவ’ என்பதைச் செத்துப்போன சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலத் தாழ்த்தி, ‘எடுத்துட்டானுங்க’வில் பல்லைக் கடித்து, கடைசி ‘லா’வைக் கதவு சாத்துவதுபோலச் சாத்த வேண்டும். பக்கத்து இருக்கைக்காரி அகல்யா இதில் பவானியையே மிஞ்சியிருந்தாள். தங்கா பத்து நிறுத்தத்தில் பவானி பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே பின் இருக்கையிலிருந்து அந்தக் குரல் கிளம்பிவிடும்.

“எடுத்து எங்கக்கா வெச்சானுங்க? கடல மூடி காண்டோ மாடி வீடு கட்டிட்டானுங்களா?”

“சிரி, சிரி. ஒரு நாள் நிரூபிக்கிறேன் பாரு.”

“நிரூபிச்சா தீவுல எனக்கு ஒரு லோட்டு நெலம் குடுப்பியா?”

“ஒனக்குக் கக்கூஸ் ஓரமாத் தரேன். பேசாம வா.”

விஷயம் இதுதான். பூதங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற ஜப்பான்காரன் கேம் ஒன்று உண்டு. பவானி ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது வந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயதான பிறகும் வந்துகொண்டே இருக்கிறது. அது எப்போதும் ஜோடியாகத்தான் வெளிவரும். இரண்டு கேசட், இரண்டு நிறம். கதை ஒன்றுதான், ஆனால் இதில் கிடைக்கிற சில பூதங்கள் அதில் கிடைக்காது, அதில் கிடைப்பவை இதில் கிடைக்காது. சில வருஷங்களுக்கு ஒரு தடவை கம்பெனிக்காரன் பழைய ஜோடி ஒன்றை எடுத்து, தூசி தட்டி, புதுச் சாயம் அடித்து ‘ரீமேக்’ என்று விற்பான். பழைய படத்தைப் புது நடிகரை வைத்து எடுப்பது மாதிரிதான். அப்படி எடுக்கும்போது சிலதைச் சேர்ப்பான், சிலதைக் கழிப்பான். என்ன சேர்த்தான், என்ன கழித்தான் என்பதில் பவானியை அடிக்க மலாக்காவில் ஆளில்லை. ஃபேக்டரியில் அவளுக்குப் ‘பூச்சி பவானி’ என்று பெயர். பூதம் என்று சொல்ல அகல்யாவுக்குப் பயம். வெள்ளிக்கிழமை விரதம் வேறு இருக்கிறாள்.

பவானி பிறந்தது கோலா சுங்கை பாருவுக்கு உள்ளே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில். அப்பா மாயாண்டி குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா மாரியம்மா, மூன்று வயது இளைய தம்பி பிரவின். பவானிக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு நாள் மாயாண்டி பசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து ஒரு பழைய கேம்பாய் விளையாட்டுப் பெட்டியும் இரண்டு கேசட்டும் வாங்கி வந்தார். அன்றைக்கு அவர் சொன்ன சொல்லைப் பவானி அவர் குரலிலேயே சொல்வாள், தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு:

“ரெண்டு பேருக்கும் ஒண்ணு ஒண்ணு. அப்பா யாருக்கும் கொறச்சல் வெக்கல. சண்ட போட்டீங்க, ரெண்டையும் குலையோட மில்லுக்கு அனுப்பிருவேன்.”

தங்க நிறக் கேசட் பவானிக்கு. வெள்ளி நிறம் பிரவினுக்கு. பொம்பளைப் பிள்ளைக்குத் தங்கம் என்று அவரே எடுத்துக் கொடுத்தார். அவள் வாழ்க்கையில் தம்பிக்குக் கிடைத்ததைவிட மினுமினுப்பாக ஒன்று அவள் கைக்கு வந்தது அந்த ஒரு தடவைதான்.

கேம்பாய் ஒன்றே ஒன்று என்பதால் முறை வைத்து விளையாடினார்கள். பிரவினுக்கு இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. கேசட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுப் பந்தாடப் போய்விட்டான். பெட்டி முழுதாகப் பவானியிடம் வந்தது. அவளுடைய கேசட்டில், எட்டாவது சண்டைக்குப் பிறகு துறைமுகத்தில் ஒரு படகு நிற்கும். ஏறினால் ஒரு தீவு. அங்கே மழை விடவே விடாது. வாலில் விளக்கு எரிகிற ஒரு வாத்து கரையில் உட்கார்ந்திருக்கும். அங்கே இருக்கிறவர்கள் பேசும் இங்கிலீஷே தனி. ‘இட் இஸ் ரெயின். யூ ஆர் வெல்கம் ஆஃப் போட்’ என்று படகுக்காரன் சொல்வான். பவானி அதை மனப்பாடம் பண்ணி, பள்ளியில் கட்டுரையில் எழுதி, டீச்சர் வகுப்புக்கே வாசித்துக் காட்டி, ஒரு வருஷம் முழுக்க எல்லோரும் அவளை ‘வெல்கம் ஆஃப் போட்’ என்று கூப்பிட்டார்கள். அதற்கும் அவள் அசரவில்லை. இவனுகளுக்கு ஜப்பான் இங்கிலீஷ் தெரியாது என்று விட்டுவிட்டாள்.

பிரவினின் கேசட்டில் அந்தப் படகு இல்லை. அவன் ஒரு நாள் எட்டாவது சண்டை முடியும்வரை அவளையே விளையாடித் தரச் சொல்லிப் பார்த்தான். துறைமுகம் காலியாக இருந்தது.

“எனக்கு ஏன் இல்ல? அப்பா, அக்காவுக்கு மட்டும் தீவு இருக்கு!”

“டேய், அது வர்சன் லா,” என்றாள் பவானி. “ஒன்னோடதுல இருக்கறது எனக்குக் கெடைக்காது, என்னோடதுல இருக்கறது ஒனக்குக் கெடைக்காது. சரிபாதி. தீவு என் பங்கு.”

அன்றிலிருந்து இதுவே அவளுக்கு வேதமாகிவிட்டது. முதலாளி தோட்டத்தை விற்க, எல்லோரும் வெளியேறி, தங்கா பத்துவில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு கிடைத்த பிறகு, பிரவினுக்கு டியூஷன் வைத்தார்கள், அவளுக்கு வைக்கவில்லை. அவனுக்குப் புது மோட்டார் சைக்கிள், அவளுக்கு அம்மாவின் பழைய சைக்கிள். அவன் காலேஜுக்குப் போனான், அவள் பதினெட்டு வயதில் ஆயர் குரோவில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி லைனுக்குப் போனாள். எவராவது வாய் தவறி, “ஒங்கப்பா மவனுக்குன்னா ஒரு மாதிரி, ஒனக்குன்னா ஒரு மாதிரி” என்று சொல்லிவிட்டால் போதும், பவானி பிடித்துக்கொள்வாள்.

“எங்கப்பா பாகுபாடு பாத்ததே இல்ல. ஒரே நாளு, ஒரே கட, ரெண்டு கேசட்டு. ஒண்ணு ஒண்ணு. அவன் வர்சன் வேற, என் வர்சன் வேற, அவ்ளோதான். வேணும்னா தங்கக் கலரு யாருக்குக் குடுத்தாருன்னு கேட்டுப் பாரு.”

இருபத்தோரு வயதில் முதல் போனஸ் வந்தது. அந்த வருஷம்தான் அவளுடைய ஜோடிக்கு ரீமேக் வந்திருந்தது. கோலாலம்பூர் போய் வாங்கினாள். பெட்டிக்குள் நடை எண்ணும் ஒரு குட்டி மிஷின்கூட இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால், பூதமும் நடந்த கணக்கு. அதை மாட்டிக்கொண்டு லைனில் குறுக்கும் நெடுக்கும் நடந்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். மூன்று வாரத்தில் எட்டாவது சண்டையை முடித்து, துறைமுகத்துக்கு ஓடினாள்.

படகு இல்லை.

திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். மழை நாளில் பார்த்தாள். பவுர்ணமியில்கூடப் பார்த்தாள். அப்போது பிறந்ததுதான் அந்தப் புகார். எடுத்துட்டானுங்க லா.

சும்மா புலம்புகிறவளாக இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். பவானி ஆராய்ச்சியில் இறங்கினாள். ரீமேக்கில் எடுப்பான்கள் என்று நிரூபித்துவிட்டால், தன் தீவையும் எடுத்திருப்பான்கள் என்று நிரூபித்த மாதிரி அல்லவா? முதல் ரீமேக் ஏன் வந்தது தெரியுமா என்று ஆரம்பிப்பாள். புதுப் பெட்டிக்குப் பழைய கேசட்டுப் பூதங்களைக் கொண்டுபோக முடியவில்லை, பழசுகளுக்கு வேறு வழியே இல்லை, அதனால் ஊரையே திரும்பக் கட்டினான். அவளுடைய ஜோடியில் சூதாட்ட மிஷின் இருந்தது. ரீமேக்கில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைத் தூக்கிவிட்டு அட்டையைத் திருப்புகிற புதிர் வைத்தான். “எடுக்குறானா இல்லியா? சொல்லு!” மூன்றாவது ரீமேக்கில், கதை முடிந்த பிறகு சண்டை போடுகிற ஒரு பெரிய இடத்தையே காணோம், அதன் பொம்மையை மட்டும் ஒரு மேசைமேல் வைத்திருக்கிறான். “பொம்ம லா அகல்யா! கோயில இடிச்சிட்டு காலண்டர் மாட்டுன மாதிரி!”

“சரிக்கா. ஆனா மொத ரீமேக்குல ஏழு தீவு புதுசா சேத்தான்னு நீதானே சொன்ன? தீவு சேக்குறவன் ஏன் தீவ எடுக்கப் போறான்?”

அன்றைக்கு அவள் அகல்யாவோடு பசியாறப் போகவில்லை.

இதற்கிடையில் அம்மா போய்விட்டாள். மாயாண்டிக்கு இனிப்பு நீர் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிரவின் ஆயர் குரோவில் நாலு ரூம் வீடு வாங்கி, கல்யாணமும் பண்ணிக்கொண்டான். அவன் மனைவி வாணி பேங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காடியை வாசலிலேயே ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவான். கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, தூக்கி உட்கார வைப்பது, கிளினிக்குக்குக் கொண்டுபோவது எல்லாம் பவானி. இரண்டு தடவை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். “அப்பா என்கூடத்தான் இருப்பாரு” என்றாள். இரண்டு வீட்டாரும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அதையும் அவள் ‘வர்சன்’ என்றுதான் சொன்னாள்.

போன வருஷம் ஆயர் குரோவில் காந்தன் என்பவன் ஒரு கேம் கடை திறந்தான். பழைய பெட்டிகளைப் பழுது பார்ப்பான், உட்கார்ந்து விளையாட மேசைகள் போட்டிருந்தான். ரீமேக் புதிர்ப் போட்டி என்று ஒரு ஞாயிறு மத்தியானம் அறிவித்தான். ஜெயிக்கிறவர் படம் கடைச் சுவரில் மாட்டப்படும். அகல்யாதான் பவானியின் பெயரைக் கொடுத்தாள், கேலிக்காக. பவானி வந்தாள், கேலிக்காக அல்ல.

யுனிவர்சிட்டிப் பிள்ளைகள் இருபது பேர். அவர்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த கேமைப் பற்றி அவர்களுக்கு இணையம் சொன்னதுதான் தெரியும். பவானி விரலை மடக்கி மடக்கிப் பதில் சொன்னாள். முதல் ரீமேக்குக்கும் அதன் மூலத்துக்கும் எத்தனை வருஷம்? எட்டு. எண் போட்ட தீவுகள் எத்தனை? ஏழு. நாலாவது ரீமேக்கைச் செய்தது யார்? வழக்கமாகச் செய்கிறவன் இல்லை, வெளிக் கம்பெனிக்காரன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் பவானியும், கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும்.

“கடைசிக் கேள்வி,” என்றான் காந்தன். “ரெண்டாவது ரீமேக். பழைய வரைபடத்துல இருந்து, ரீமேக்குல இல்லாத ஊர் எது?”

பவானி பதினைந்து வருஷமாக இந்த ஒரு கேள்வியைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தாள்.

“மழைத் தீவு!”

கண்ணாடிப் பெண் மெதுவாகச் சொன்னாள். “அப்படி எதுவும் இல்ல. எல்லா ஊரும் இருக்கு.”

காந்தன் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினான். கைதட்டல். பவானி நாற்காலியை விட்டு எழவில்லை.

“தம்பி, நான் போயிருக்கேன் லா அங்க. படகு ஏறிப் போயிருக்கேன்.”

“அக்கா, அந்த கேம்ல அப்படி ஒரு தீவே கெடையாது.”

“என் வர்சன்ல இருந்துச்சு. எங்கப்பா வாங்கிக் குடுத்த கேசட்டு. நீ பொறந்திருக்கவே மாட்ட.”

காந்தனுக்கு நல்ல மனசு. சுற்றி நின்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, “கேசட் இன்னும் இருக்கா? கொண்டாங்க. பேட்டரி செத்திருக்கும், மாத்தித் தரேன். தீவு இருந்தா ஒங்க படத்தத்தான் மாட்டுவேன், அந்தப் பொண்ணு படம் வேணாம்,” என்றான்.

“ரெண்டையும் கொண்டாரேன். எந்தம்பியோடதும் இருக்கு. ரெண்டையும் தெறந்து பாரு.”

அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் பவானி ஞாயிறுக்கு நாள் எண்ணிக்கொண்டு வந்தாள். அகல்யா குரல் மாற்றிப் பார்த்தாள், சீண்டிப் பார்த்தாள். கடைசியில் அவளே கேட்டாள். “ஏன்க்கா இவ்வளவு பதட்டம்? தீவு இல்லாட்டி என்ன, குடியா முழுகிடும்?”

“தீவு இல்லாட்டி எனக்குன்னு என்னா இருக்கு?” என்றாள் பவானி. “யாரு யாரோ எங்கப்பாவ என்னென்னமோ சொல்றீங்க. அவரு சமமாத்தான் பாத்தாருங்கறதுக்கு அந்த கேசட்டு ஒண்ணுதான் அத்தாட்சி.”

அகல்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை பிஸ்கட் டின்னோடு கடைக்குப் போனாள். கடையில் கூட்டமில்லை. காந்தன் மூன்று முனை திருப்புளியை எடுத்து முதலில் பிரவினின் வெள்ளிக் கேசட்டைத் திறந்தான். பச்சைத் தகடு, அதில் கம்பெனி பெயர் அழகாக அச்சாகி, கறுப்புச் சில்லுகள் வரிசையாக உட்கார்ந்து, ஓரத்தில் காசு மாதிரி ஒரு பேட்டரி.

“சூப்பர்க்கா. பளிச்சுனு இருக்கு. இது ஒரிஜினல்.”

“நம்ம அப்பா வாங்குனது லா.”

தங்கக் கேசட்டைத் திறந்தான். திருப்புளியைக் கீழே வைத்தான். உள்ளே தகடு பாதி அளவுதான் இருந்தது. அதன் நடுவில் உருகிய தார்த் துளி மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. கம்பெனி பெயர் எங்கேயும் இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் கைக்கடிகாரப் பேட்டரி ஒன்றை ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

“அக்கா… அந்தத் தீவுல இங்கிலீஷ் எப்படிப் பேசுவாங்க?”

“ஏன்?”

“சும்மா சொல்லுங்களேன்.”

“இட் இஸ் ரெயின். யூ ஆர் வெல்கம் ஆஃப் போட்,” என்றாள் பவானி. முதன்முறையாக அந்த வாக்கியம் அவள் காதுக்கே சரியாகப் படவில்லை.

காந்தன் தலையைச் சொறிந்தான். “இது டூப்புக்கா. அப்ப பசார் மாலாம்ல நெறைய வந்துச்சு. எவனோ ஒருத்தன் கேமக் காப்பி அடிச்சு, நடுவுல தானா ஒரு தீவு வரைஞ்சு சேத்துட்டான். ஜப்பான்காரன் எதையும் எடுக்கல. அவன்கிட்ட இருந்ததே இல்ல.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தான். “ஆனா இது மாதிரி டூப்பு நான் பாத்ததே இல்ல, சத்தியமா. தீவோட ஒண்ணு கூட…”

“மூடிக் குடு தம்பி.”

டாக்சியில் வரும்போது அவளுக்கு வந்த கோபம் கடைக்காரன் மேல்தான். எவனோ ஒரு பசார் மாலாம் பயல், எழுதப் படிக்கத் தெரியாத லாரிக்காரரைப் பார்த்து, ஒரிஜினல் விலையை வாங்கிக்கொண்டு ஒன்றில் மட்டும் டூப்பைத் தள்ளிவிட்டிருக்கிறான். பாவம் அப்பா. இதை அவரிடம் சொல்லலாமா வேண்டாமா? மனசு நொந்துபோவார். வீடு வருவதற்குள் மெதுவாகச் சொல்லித் தேற்ற வேண்டிய வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் பிரவின் இருந்தான். வெளியே அவன் காடி உறுமிக்கொண்டு நின்றது. மாயாண்டி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மகன் வாங்கி வந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்; இனிப்பு நீர்க்காரருக்கு மூன்று கிலோ ஆரஞ்சு.

பவானி டின்னை மேசைமேல் வைத்தாள். “அப்பா, மனசு வருத்தப்படாதீங்க. அந்தக் காலத்துல பசார் மாலாம்காரன் ஒங்கள ஏமாத்திட்டான்.”

“எவன்?”

“கேசட்டு வித்தவன். தம்பியோடது ஒரிஜினல். என்னோடத டூப்பா குடுத்துட்டான். இப்பத்தான் தெறந்து பாத்தோம்.”

மாயாண்டி ஒரு சுளையை வாயில் போட்டார். கொட்டையைத் துப்பினார்.

“என்னைய எவன் ஏமாத்துவான்? அவன் சொல்லித்தான் குடுத்தான். இது ஒரிஜினல் அண்ணே, இது டூப்புன்னு. ரெண்டையும் ஒரிஜினலா வாங்க அப்ப நமக்கு எங்க கட்டுபடியாவும்?”

“தெரிஞ்சேவா?”

“ஆம்பளப் புள்ள, சாமான் கெட்டுப் போச்சுன்னா ஊரக் கூட்டுவான். நீ பொம்பளப் புள்ள. எதக் குடுத்தாலும் வெச்சு வெளையாடிக்குவ. அதான் ஒனக்குத் தங்கக் கலரா பாத்துப் போடுன்னு அவன்கிட்ட கேட்டு வாங்குனேன்.” அவர் குரலில் குற்றவுணர்ச்சி ஒரு சிட்டிகை இல்லை. மகளைப் பாராட்டுகிற குரல் அது. “வெளையாடுனியா இல்லியா? அவன் ரெண்டு வாரத்துல போட்டுட்டான். நீதானே இன்னிக்கி வரைக்கும் கட்டிக்கிட்டு அழுவுற.”

பிரவின் விழுந்து விழுந்து சிரித்தான். மூக்கு வழியாகப் பெருமூச்சு விட்டு, பல்லைக் கடித்து, “அந்தத் தீ…வ எடுத்துட்டானுங்க லா! அக்கா, எடுக்கலியாம்! இல்லவே இல்லியாம்!” என்று முழுசாக நடித்துக் காட்டினான். நன்றாகத்தான் செய்தான். சிறு வயதிலிருந்து பழக்கம். பிறகு டின்னுக்குள் கையை விட்டு, “அப்ப என்னோடது ஒரிஜினலா? இப்ப இத நல்ல வெலைக்குத் தேடிக்கிட்டுத் திரியுறானுங்க லா. நான் எடுத்துட்டுப் போறேன்,” என்றான்.

“எடுத்துக்க,” என்றாள் பவானி.

உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. அப்பாவும் மகனும் பந்தாட்டம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து அவள் இரண்டு பைகளோடு வந்தாள். ஒன்றில் சாரமும் சட்டையும் துவாலையும். மற்றொன்றில் ஊசி, பஞ்சு, கட்டுத் துணி, மருந்துப் பொட்டலம், கிளினிக் அட்டை. வாசலைத் தாண்டிப் போய், உறுமிக்கொண்டிருந்த காடியின் பின்கதவைத் திறந்து இரண்டையும் உள்ளே வைத்தாள்.

பிரவின் ஓடி வந்தான். “என்னக்கா இது?”

“அப்பாவோட சாமான்.”

“ஏ… எங்க வீட்டுலயா? வாணி வேலைக்குப் போறா லா. எனக்கு நாளைக்கி மீட்டிங். திடுதிப்புனு இப்படிச் சொன்னா எப்படி?”

“நானும் வேலைக்குத்தான் போறேன்.”

“ஒரு டூப்பு கேசட்டுக்கு இவ்வளவு ஆட்டமா? அக்கா, ஒரு கேம் லா அது! நான் வேணா ரீமேக் புதுசா வாங்கித் தரேன், போதுமா?”

பவானி திரும்பி வந்து அப்பாவின் நாற்காலி பிரேக்கைத் தளர்த்தினாள். மாயாண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சுச் சாறு ஒட்டிய விரல்கள். இப்போதுதான் அவருக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. புரிந்தது கேசட் அல்ல, பையில் போன ஊசிகள்.

“ஆத்தா பவானி, என்னா இது? ஊருல நாலு பேரு என்னா சொல்லுவான்? நீ இப்படிப்பட்ட புள்ள இல்லியே மா.”

“நான் எப்படிப்பட்ட புள்ளன்னு ஒங்களுக்கு எப்பப்பா தெரியும்? திங்களும் வியாழனும் கட்டு மாத்தணும், ஊசி சாப்பாட்டுக்கு முன்னால போடணும், ராத்திரி ரெண்டு தடவ பொரட்டிப் படுக்க வெக்கணும், எல்லாத்தையும் எழுதிப் பையில வெச்சிருக்கேன், அவன் காலேஜு போனவன், படிச்சுப் பாத்துக்குவான். எதக் குடுத்தாலும் வெச்சுக்குவேன்னு நெனச்சுத்தானே குடுத்தீங்க? வெச்சுக்கிட்டேன், ஒரு வார்த்த கேக்காம வெச்சுக்கிட்டேன், ஒங்களுக்காக ஊரோட சண்டையும் போட்டேன். இப்ப நல்லதா பாத்து யாருக்குக் குடுத்தீங்களோ அவன்கிட்ட போயி இருங்க. ஞாயித்துக்கெழம நானும் அவன மாதிரி வந்து, வாசல்ல நின்னு, நல்லாருக்கீங்களாப்பான்னு கேட்டுட்டுப் போறேன்.”